ரோசிக்குத் தனிச் சட்டி

உடுப்பிட்டியில் லயனலின் தோட்டத்தில் வெங்காயம் கிண்டி எடுக்கும் நாளில் அந்த ஒழுங்கைக்குள் நுழைகிறவர்களுக்கு வேறு எந்த வாசமும் பிடிபடாது. அவருக்கு அதில் ஒரு பெருமை. கடையில் பம்பாய் வெங்காயம் குவிந்து கிடப்பதைக் கண்டால், "உது வெறுந் தண்ணி. எங்கடை வெங்காயம் மருந்தெல்லோ" என்று கேட்காதவர்களுக்கும் சொல்லிவிட்டுத்தான் வருவார். சொல்வதோடு நிற்கிறவருமல்ல. தடிமன் பிடித்தால் வெங்காயம், குளவி கொட்டினால் வெங்காயம், வெயிலில் தலை சுற்றினால் தயிருக்குள் அரிந்து போட்ட வெங்காயம். அறுபதை நெருங்கியும் ஒரு மருந்துக் குளிசை தொடாத தன்னுடைய உடம்பை அதற்குச் சாட்சியாகக் காட்டுவார்.

அவருடைய மனைவி சீலா திருச்சபையின் பாலர் பாடசாலையில் படிப்பிக்கிறவர். கலியாணம் கட்டி வந்த நாளிலிருந்து வெங்காயம் வதங்காத கறி ஒன்றை அவர் அடுப்பிலிருந்து இறக்கியதில்லை. இறக்கினால் லயனல் தட்டைத் தள்ளிவைத்துவிடுவார்.

அந்த வீட்டில் மூன்றாவது ஆள் ரோசி. பனங்கட்டி நிறம், ஒரு காது நிமிர்ந்தும் மற்றது மடிந்தும் இருக்கும் பெட்டை நாய். லயனல் வாய்க்காலில் தண்ணீர் மாற்றிவிடும்போது வரப்பில் முன்னால் நடக்கும். மீன் விற்க வரும் ஏரம்புவின் மோட்டார் சைக்கிள் ஹோர்ன் சந்தியில் கேட்டால் வாசல் படலைக்குப் பாய்ந்து போகும். ஞாயிற்றுக்கிழமை லயனலும் சீலாவும் கோயில் ஆராதனைக்குப் போய்த் திரும்பும்வரை படலையடியை விட்டு அசையாது.

குட்டி போடாமலிருக்க அதற்கு ஒரு சத்திரசிகிச்சை செய்தார்கள். காயம் நன்றாக ஆறியது. ஆனால் சாப்பாடுதான் இறங்கவில்லை. கடையில் வாங்கிய நாய் உணவை மணந்து பார்த்துவிட்டு முகத்தைத் திருப்பியது. பாணைப் பாலில் நனைத்துக் கொடுத்தார் சீலா. அதையும் காகம்தான் தின்றது. விலா எலும்பு தெரியத் தொடங்கியதும் லயனலுக்கு மனம் பொறுக்கவில்லை.

"நான் சமைக்கிறன்" என்றார்.

"ஆர், நீங்களோ?" சீலா சிரித்துவிட்டார். "எனக்கு ஒருநாள் ஒரு தேத்தண்ணி வைச்சுத் தந்திருப்பியளோ?"

"நீர் பாரும்."

உண்மையாகவே அவர் குசினிக்குள் போனார். மாட்டிறைச்சியைக் கொத்தினார். ஈரல் கொஞ்சம் சேர்த்தார். தன் தோட்டத்து வெங்காயத்தில் ஒரு கை நிறைய எடுத்து உரித்து அரிந்து, எண்ணெயில் பொன்னிறமாக வதக்கி, உள்ளிப்பூண்டு தட்டிப் போட்டு, சூப் கட்டி ஒன்றை உடைத்து, சிவப்பரிசிச் சோற்றோடு பிரட்டி இறக்கினார். வாசம் பக்கத்து வளவுவரை போனது. ரோசி வாலை ஆட்டிக்கொண்டு குசினி வாசலுக்கு வந்தது. கோப்பையை நக்கி முடித்து, அதைத் தரையில் தள்ளிக்கொண்டே போய்ச் சுவரோடு முட்டியது. லயனலின் கண் கலங்கிவிட்டது.

அதன்பிறகு அது தினப்படி வேலையாகிவிட்டது. காலையில் தோட்டம், பத்து மணிக்குப் பிறகு ரோசிக்குச் சமையல். எவ்வளவு வெங்காயம் கூடுகிறதோ அவ்வளவு விருப்பமாகத் தின்கிறது என்பதைக் கண்டுபிடித்தவர், ஒரு கையை ஒன்றரைக் கையாக்கினார். "பாரும் சீலா, வெங்காயத்தின்ரை அருமை உதுக்குக்கூடத் தெரிஞ்சிருக்கு" என்று சொல்லிச் சொல்லி மகிழ்ந்தார். ரோசியின் விலா மறைந்தது. மயிர் மினுங்கியது.

சில வாரம் அப்படிப் போனது. பிறகு ஒரு காலையில் சந்தியில் ஏரம்புவின் ஹோர்ன் கேட்டது. ரோசி எழும்பவில்லை. தண்ணீர்த் தொட்டியடியில் படுத்திருந்தபடி தலையை மட்டும் தூக்கிப் பார்த்துவிட்டுத் திரும்பவும் சாய்த்துக்கொண்டது.

"வெயில் சூடு பிடிச்சிட்டுது" என்றார் லயனல். சூட்டுக்கு அவருக்குத் தெரிந்த வைத்தியம் ஒன்றுதான். தயிருக்குள் பச்சை வெங்காயத்தை அரிந்துபோட்டு மடியில் வைத்து ஊட்டினார். அவர் கையால் கொடுத்ததற்காகவோ என்னவோ, ரோசி மறுக்காமல் விழுங்கியது.

அடுத்த நாள் அது பூவரச மரத்தடியில் மூத்திரம் பெய்தபோது சீலாதான் கண்டார். நல்ல சாயம் இறங்கிய தேத்தண்ணி நிறம். ஓடிப்போய் ரோசியின் உதட்டை விரலால் உயர்த்திப் பார்த்தார். சிவந்திருக்க வேண்டிய பல் முரசு பாணின் உட்பக்கம்போல வெளிறிக் கிடந்தது.

"இஞ்சாருங்கோ, ஓட்டோவுக்குச் சொல்லுங்கோ! கெதியா!"

*

நெல்லியடியில் தனியாக ஒரு சிறிய மருத்துவமனை நடத்தும் மிருக வைத்தியர் நிவேதனா. பாலர் பாடசாலைப் பிள்ளை ஒன்றின் தாய் என்பதால் சீலாவுக்கு முன்பே பழக்கம். ரோசியை மேசையில் கிடத்தி, கண் இமையை இழுத்துப் பார்த்தார், நெஞ்சில் குழாய் வைத்துக் கேட்டார், முன்காலில் கொஞ்சம் இரத்தம் எடுத்தார். ஊசிக் குழலுக்குள் வந்தது இரத்தம்போலவே இல்லை. தண்ணீர் கலந்த சர்பத்துபோல இருந்தது.

"என்ன சாப்பாடு குடுக்கிறனீங்கள் ஐயா?"

லயனலுக்கு அந்தப் பதற்றத்திலும் சொல்வதற்கு ஒரு நல்ல விசயம் கிடைத்ததுபோலிருந்தது. "கடைச் சாமான் ஒண்டும் இல்லை டொக்டர். எல்லாம் நானே சமைக்கிறது. நல்ல இறைச்சி, ஈரல், சோறு. வெங்காயம் கனக்கப் போட்டு."

கைகழுவப் போன நிவேதனா குழாயைத் திறக்காமலே திரும்பினார்.

"வெங்காயம் எவ்வளவு?"

லயனல் கையை விரித்துக் காட்டினார். "ஒரு நாளைக்கு ஒண்டரைக் கை. உள்ளியும் போடுறனான். எங்கடை தோட்டத்து வெங்காயம். நேற்றும் தயிரிலை போட்டுக் குடுத்தனான்."

"ஐயா, வெங்காயம் நாய்க்கு நஞ்சு."

லயனலுக்கு அது விளங்கவில்லை. சொற்கள் விளங்கின, பொருள் உள்ளே போகவில்லை. "பச்சையாக் குடுத்தாலோ? நான் வதக்கித்தானே போட்டனான்" என்றார்.

"வதக்கினாலும் அவிச்சாலும் தூளாக்கினாலும் ஒண்டுதான். உள்ளி, லீக்ஸ், அந்தக் குடும்பத்திலை ஒண்டும் ஆகாது. எங்கடை உடம்பு அதைத் தாங்கும். அவையின்ரை ரத்தம் தாங்காது."

நிவேதனா அவர் முகத்தைப் பார்த்தார். அடுத்த அறைக்குப் போய்ச் சிறிது நேரத்தில் கூப்பிட்டார். "வந்து ஒருக்காப் பாருங்கோ. உங்களுக்குத் தெரியத்தானே வேணும்."

நுணுக்குக்காட்டியில் லயனல் வாழ்க்கையில் முதல்தரம் கண்ணை வைத்தார். முதலில் தன் கண் இமை மயிர்தான் தெரிந்தது. நிவேதனா எதையோ திருகினார். சட்டென்று ஒரு வானம் திறந்ததுபோல வட்டங்கள் விரிந்தன. சாயம் போட்டிருந்ததால் வெளிர் பச்சையும் நீலமும் கலந்த நிறத்தில், ஒன்றையொன்று தொட்டும் தொடாமலும், எண்ணமுடியாத வட்டங்கள். ஒரு துளிக்குள்ளா இவ்வளவு?

"அந்த வட்டம் ஒவ்வொண்டும் ரத்தத்திலை ஒரு அணு. கரையிலை ஏதும் தெரியுதோ?"

தெரிந்தது. அநேகமாக ஒவ்வொரு வட்டத்தின் விளிம்பிலும் கடும் நீலத்தில் ஒரு புள்ளி, மருப்போலத் துருத்திக்கொண்டு நின்றது.

"அது வெங்காயம் செய்த காயம். அந்தப் புள்ளி விழுந்த அணுவை உடம்பு வைச்சிருக்காது, உடைச்சுப்போடும். நீங்கள் கண்ட மூத்திர நிறம் அதுதான். காற்றை உடம்பு முழுக்கக் கொண்டுதிரியிற ஆக்கள் உடைஞ்சுபோக, அவளுக்கு இப்ப மூச்சே பாரம்."

லயனல் கண்ணை எடுக்கவில்லை. தலைமுறையாகக் குடும்பத்துக்குச் சோறு போட்ட பயிர். அதன் வேர் எப்படி ஓடும், தாள் எப்போது சாயும், எந்தக் காற்றுக்கு அழுகும் என்று எல்லாம் அவருக்குத் தெரியும். ஆனால் இப்படியொரு முகம் அதற்கு இருந்ததென்று தெரியாது. கண்ணுக்கே தெரியாத வட்டம் ஒவ்வொன்றையும் தேடிப்போய்த் தொட்டு, இது நாயினுடையது என்று அறிந்ததுபோலக் காயப்படுத்தியிருக்கிறது. அதே வெங்காயத்தைத்தான் அவரும் சீலாவும் அதே நாளில் சாப்பிட்டார்கள். தன் கையைப் பார்த்தார். விரல்களை மூக்கில் வைத்தபோது அந்த வாசம் அப்படியே இருந்தது.

"இவளுக்கு மருந்து?" என்று சீலா கேட்டார்.

"நேர் மருந்து இல்லை. வெங்காயத்தை நிப்பாட்டினா உடம்பு புது ரத்தம் செய்யும். ஆனா அதுவரைக்கும் தாங்க இவளிட்டை ரத்தம் காணாது. வேறை நாயின்ரை ரத்தம் ஏத்த வேணும். எங்களிட்டைச் சேமிச்சு வைச்ச ரத்தம் இல்லை. ஒரு நாயைக் கொண்டுவரவேணும். பெரிய உடம்பு, இளம் வயசு, ஊசியெல்லாம் போட்ட, வருத்தமில்லாத நாய். இண்டைக்கே வேணும்."

நாய்க்கு நாய் இரத்தம் கொடுக்கும் என்பதை லயனல் அன்றுதான் கேள்விப்பட்டார்.

வெளியே வந்து தெரிந்தவர்களுக்கெல்லாம் அழைத்தார். ஒருவருடைய நாய்க்கு ஊசி போட்டிருக்கவில்லை, இன்னொருவருடையது கிழடு. ஒருவர் சிரித்துவிட்டு இணைப்பைத் துண்டித்தார். கடைசியாக, ரோசியைக் காணவில்லையே என்று முதல்நாள் காலையில் விசாரித்துப்போன ஏரம்புவின் நினைவு வந்தது. அழைத்து விசயத்தைச் சொன்னார்.

ஏரம்பு, "எங்கடை வீமன் நிக்கிறான். ஆனா அவன் என்ரை நாயில்லை, மனிசியின்ரை. அவளைத்தான் கேக்கவேணும்" என்றார்.

*

ஏரம்புவின் மனைவி மகாதேவி பொலிகண்டிக் கரையிலிருந்து ஓட்டோவில் வந்து இறங்கினார். நெற்றியில் திருநீறு, இடுப்பில் செருகிய சேலைத் தலைப்பு, கையில் ஒரு கயிறு. கயிற்றின் மறுமுனையில் கன்றுக்குட்டி அளவில் ஒரு கரிய நாய். அல்சேசன் கலப்பு. ஓட்டோக்காரர் பயத்தில் ஓட்டோவுக்கு அந்தப் பக்கம் போய் நின்றார்.

"கும்பிடுறன் அக்கா" என்று லயனல் எழும்பினார். "நீங்கள் வருவியள் எண்டு நான் நினைக்கேல்லை."

"ஏன் தம்பி, ரோசி எண்டு எங்கடை மனிசன் வீட்டிலை ஒரே கதை. மீன் தலை ஒண்டு அவளுக்கெண்டு எடுத்து வைச்சுத்தான் மற்ற ஆக்களுக்கு விக்கிறது." மகாதேவி கதவு வழியே உள்ளே கிடந்த ரோசியைப் பார்த்தார். குரல் தாழ்ந்தது. "ஐயோ, சின்னப் பிள்ளையாயெல்லோ கிடக்குது."

நிவேதனா வீமனைச் சோதித்தார். வீமன் உறுமியது. மகாதேவி அதன் மூக்கில் ஒரு விரலை வைத்து, "டேய்" என்றார், அவ்வளவுதான். நிவேதனா அதன் இரத்தத்தில் சிறிது எடுத்து, ரோசியின் இரத்தத்தோடு ஒரு கண்ணாடித் துண்டில் கலந்து, அதை மெல்லச் சாய்த்தும் நிமிர்த்தியும் பார்த்தார். மற்ற மூவரும் குனிந்து அந்தத் துளியைப் பார்த்தார்கள்.

"என்ன பாக்கிறியள்?" என்று சீலா மெதுவாகக் கேட்டார்.

"சண்டை பிடிக்குதோ எண்டு. ஒத்துவராட்டில் திரண்டு கட்டியாகும். நாய்களுக்கு முதல்தரம் ஏத்தேக்கை அநேகமாச் சண்டை வராது. எண்டாலும் பார்க்கவேணும்."

திரளவில்லை. இரண்டு இரத்தமும் ஒரே சிவப்பாய்க் கண்ணாடியில் வழுகின.

"மனிசரெண்டா ஆரின்ரை ரத்தம், எந்த ஊரெண்டு முதல் கேட்டிருப்பினம்" என்றார் மகாதேவி. யாரையும் பார்த்துச் சொல்லவில்லை. லயனல் தலையைக் குனிந்துகொண்டார். உடுப்பிட்டிக்கும் கரைக்கும் நடுவில் ஓட்டோவில் சிறிது நேரம்தான். ஆனால் இத்தனை வருடத்தில் ஏரம்பு அவர்கள் படலைக்கு வெளியே நின்றுதான் மீன் நிறுத்துக் கொடுத்திருக்கிறார். உள்ளே வா என்று ஒருநாள்கூடத் தான் சொன்னதாக லயனலுக்கு நினைவில்லை.

வீமனை மேசையில் பக்கவாட்டாகக் கிடத்த வேண்டியிருந்தது. கழுத்தில்தான் ஊசி. மயக்க மருந்து கொடுக்கலாமா என்று நிவேதனா யோசித்தபோது மகாதேவி வேண்டாமென்று தலையாட்டினார். மேசையோடு கதிரையை இழுத்துப் போட்டு, வீமனின் தலையைத் தன் மடிப்பக்கம் எடுத்துக்கொண்டு, காதோடு கதைக்கத் தொடங்கினார்.

"அசையாதை ராசா. உங்கை ஒரு பிள்ளைக்கு ஏலாது. இண்டைக்கு உனக்குப் பாரைமீன். நான் முள்ளெடுத்துத் தருவன். தலைமுதல் வால்மட்டும் தடவிப் பாத்துத்தான் தருவன். போனமுறை முள்ளுக் குத்தினதே, அதுக்குப் பிறகு ஒருநாள் குத்தினதோ? இல்லையெல்லோ…"

ஊசி ஏறியபோது வீமனின் தோல் ஒருதரம் சிலிர்த்தது. பிறகு அந்தப் பெரிய உடம்பு அப்படியே கிடந்தது. எந்நேரமும் கடிக்கக்கூடியதென்று கரை முழுவதும் பேர் எடுத்த நாய், கண்ணை மேலே உருட்டி அந்த அம்மாவின் முகத்தையே பார்த்துக்கொண்டு கிடந்தது. குழாய் வழியே கரும் சிவப்பு இறங்கி, கீழே தொங்கிய பை மெல்ல மெல்லப் பருத்தது. அறைக்குள் மகாதேவியின் குரலைத் தவிர வேறு சத்தம் இல்லை. லயனல் தன்னையறியாமல் கைகளைக் கூப்பியிருந்தார். கோயிலில் திருவிருந்து வேளையில்கூட அவருக்கு இப்படி உடம்பு சிலிர்த்ததில்லை.

அந்தப் பையை ரோசிக்கு மேலே கொழுவினார்கள். முதலில் துளித்துளியாக. ஒவ்வொரு துளிக்கும் நிவேதனா நாடியைப் பார்த்தார். ஒன்றும் ஆகவில்லையென்று கண்ட பிறகு கொஞ்சம் வேகமாக.

"இது எவ்வளவு காலம் நிக்கும் டொக்டர்?" என்று கேட்டார் லயனல்.

"வீமன்ரை அணுக்கள் கொஞ்சக் காலம்தான் இருக்கும் ஐயா. பிறகு தானாக் கரைஞ்சுபோம். அதுக்கிடையிலை ரோசியின்ரை எலும்புக்குள்ளை இருந்து அவளின்ரை சொந்த ரத்தம் பிறந்து வந்திடும். இது இடையிலை வந்து இடம் பிடிச்சுக் குடுக்கிற ரத்தம்."

லயனல் அதை நினைத்துப் பார்த்தார். முன்பின் தெரியாத ஒன்று வந்து, இன்னொன்றின் உயிரைக் கொஞ்ச நாளைக்குத் தாங்கி நின்று, வேலை முடிந்ததும் சொல்லாமல் போய்விடுவது. யார் இதையெல்லாம் இப்படி ஒழுங்கு பண்ணி வைத்தது?

மகாதேவி வீமனுக்குத் தண்ணீர் பருக்கிவிட்டு வந்து வாங்கில் அமர்ந்தார். "நாங்கள் வெங்காயம் போடுறேல்லைத்தான். நஞ்செண்டு தெரிஞ்சு விட்டதில்லை. அவனுக்குச் சும்மா மீனை அவிச்சுச் சோத்தோடை பிசையிறது, வேறை ஒண்டுமில்லை. உப்புப் போட்டாலும் குடிக்க ஓடுறான் எண்டு அதையும் விட்டனான். நல்லகாலம்." பிறகு நிவேதனாவைப் பார்த்தார். "கோயில் பஞ்சாமிர்தம் மட்டும் குடுக்கிறனான் பிள்ளை. அதுக்கெண்டா உயிரை விடுவான்."

"பிளம்ஸ் போட்டதோ அம்மா?"

"பிளம்ஸ் இல்லாமல் என்ன பஞ்சாமிர்தம்?"

நிவேதனா அவர் பக்கம் திரும்பினார். "இனிக் குடுக்காதையுங்கோ. திராட்சைப் பழமும் அது காய்ஞ்ச பிளம்ஸும் சில நாய்களின்ரை சிறுநீரகத்தை அப்பிடியே நிப்பாட்டிப்போடும். எது தாங்கும், எது தாங்காது எண்டு முன்கூட்டிச் சொல்லேலாது."

மகாதேவியின் கை வாய்க்குப் போனது. அதே நேரம் சீலாவும் நெஞ்சில் கைவைத்தார். "கிறிஸ்மஸுக்கு எங்கடை ரிச் கேக்கிலை ஒரு துண்டு ஒவ்வொரு வருசமும்… முழுக்கப் பிளம்ஸ்தானே அது."

இரண்டு பெண்களும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். முருகன் பிரசாதமும் யேசு பிறந்த கேக்கும், இரண்டையும் எத்தனைதரம் எத்தனை அன்போடு கொடுத்திருப்பார்கள். அத்தனைதரமும் உயிர் மயிரிழையில் தப்பியிருக்கிறது, ஒருவருக்கும் தெரியாமல்.

அப்போதுதான் லயனல் கண்டார். ரோசியின் வாயோரம் சற்றே திறந்திருந்தது. காலையில் பாணாய் வெளுத்துக் கிடந்த முரசில் ஏதோ மாறியிருந்தது. கிட்டக் குனிந்து பார்த்தார். அடிவானம் வெளிக்க முன் தெரியுமே ஒரு நிறம், இருக்கிறதா இல்லையா என்று சொல்லமுடியாமல், அதுபோல ஒரு மெல்லிய ரோஜா நிறம். அவர் பார்த்துக்கொண்டிருக்கும்போதே அது கூடியது.

"சீலா," என்றார். விரலால் அந்த முரசைக் காட்டினார்.

ரோசி கண்ணைத் திறந்து அவரைப் பார்த்தது. வால்நுனி மேசையில் ஒருதரம் தட்டியது.

*

சில நாள் கழித்து ரோசியை வீட்டுக்குக் கொண்டுவந்தபோது, லயனல் செய்த முதல் வேலை ரோசிக்கென்று புதுச் சட்டி ஒன்றும் அகப்பை ஒன்றும் வாங்கியது. பிறகு அவரும் சீலாவும் குசினி அலுமாரியைத் திறந்து ஒவ்வொன்றாக வெளியே எடுத்தார்கள். கறித்தூள், வேண்டாம். உள்ளித் தூள், வேண்டாம். சீலா சூப் கட்டிப் பெட்டியைக் கண்ணாடி போட்டுக்கொண்டு வாசித்தார்.

"இஞ்சாருங்கோ, இதுக்குள்ளையும் வெங்காயத் தூள்!"

லயனல் அதை வாங்கித் திருப்பித் திருப்பிப் பார்த்தார். தான் வதக்கிப் போட்டது போதாதென்று, தெரியாமல் கட்டியாகவும் போட்டிருக்கிறார். அன்றிலிருந்து அவர் ஒரு விதியைப் பிடித்துக்கொண்டார். பெட்டியில், பக்கற்றில் வரும் எதுவும் ரோசியின் சட்டிக்குள் போகாது. உள்ளே என்ன இருக்கிறதென்று கண்ணால் கண்டதுதான் போகும்.

அப்படிப் பார்த்தபோது அவருக்கு இன்னொரு வியப்புக் காத்திருந்தது. தோட்டத்து மூலையில், கவனிப்பாரற்று வேலியில் படர்ந்து கிடந்த பூசணி நாய்க்கு நல்லதென்று நிவேதனா சொன்னார். தோலும் முள்ளும் இல்லாத அவித்த மீன், முட்டை, கொழுப்பெடுத்த இறைச்சி, கொஞ்சம் கரட், குழைய வெந்த சோறு எல்லாம் நல்லதாம். ஈரல் நல்லதுதான், ஆனால் சிறிதளவு. சமைத்த எலும்பு கூடாது, உடைந்து குடலைக் குத்தும். எலும்பு இல்லையென்றால் சுண்ணாம்புச் சத்துக் குறையுமே என்று கேட்டபோது, அதற்கு முட்டைக்கோதைக் காயவைத்து மாவாக அரைத்து எவ்வளவு சேர்ப்பதென்று நிவேதனா ரோசியை நிறுத்துப் பார்த்துச் சொன்னார். வெறும் சோறும் இறைச்சியுமாக வருடக் கணக்கில் போட்டால் அதுவும் குறைபாடுதான், இடைக்கிடை வந்து காட்டவேண்டுமென்றார். ஒரு சிறு பிராணியின் கோப்பைக்குள் இவ்வளவு கணக்கு இருக்குமென்று லயனல் கனவிலும் நினைத்ததில்லை.

முதல்நாள் புதுச் சட்டியில் இறைச்சியும் பூசணியும் சோறும் அவித்துக் கொண்டுபோய் வைத்தார். ரோசி மணந்தது. அவரை நிமிர்ந்து பார்த்தது. பிறகு குசினிப் பக்கம் பார்த்தது. வெங்காயம் வதங்கும் என்று அது காத்திருப்பது அவருக்கு விளங்கியது.

"இல்லையடி. அது இனி இல்லை" என்றார்.

ரோசி முகத்தைத் திருப்பிக்கொண்டது. அன்று முழுவதும் தொடவில்லை. அடுத்த நாள் முட்டை சேர்த்துப் பார்த்தார். அதையும் தொடவில்லை. நஞ்சு ருசியாகவும் நன்மை சப்பென்றும் இருந்தால் வாயில்லாத சீவன் என்ன செய்யும்? ஒரு துண்டு, ஒரேயொரு துண்டு வெங்காயம் வாசத்துக்குப் போட்டு எடுத்துவிடலாமா என்று ஒருகணம் கை போனது. அந்த நீலப் புள்ளிகள் கண்ணுக்குள் வந்தன. கையை இழுத்துக்கொண்டார்.

அன்று பின்னேரம் படலையில் மோட்டார் சைக்கிள் வந்து நின்றது. ஏரம்புவின் பின்னால் மகாதேவி, மடியில் ஒரு தூக்குச்சட்டி.

"சாப்பிடுறாளில்லை எண்டு டொக்டர்ப் பிள்ளை சொன்னா. வீமனுக்கு அவிச்சதிலை கொஞ்சம் கொண்டுவந்தனான்."

"உள்ளை வாங்கோ அக்கா. ஏரம்பு, நீரும் உள்ளை வாரும்" என்றார் லயனல்.

ஏரம்பு ஒருகணம் தயங்கினார். பிறகு செருப்பைக் கழற்றிவிட்டு வந்தார். சீலா கதிரை எடுத்துப் போட்டார்.

தூக்குச்சட்டியில் சூடைமீன், முள்ளெல்லாம் எடுத்து, அவித்த தண்ணீரோடு பிசைந்த சோறு. உப்பில்லை, தூளில்லை, எண்ணெயில்லை. மகாதேவி அதில் ஒரு பிடி எடுத்து உள்ளங்கையில் வைத்து நீட்டினார். ரோசி எழும்பி வந்தது. மணந்தது மீனையா, அந்தக் கையில் ஒட்டியிருந்த வீமனின் வாசத்தையா, யாருக்குத் தெரியும். நாக்கை நீட்டி ஒருதரம் நக்கியது. இன்னொருதரம் நக்கியது. பிறகு அந்தக் கை முழுவதையும் துடைத்தெடுத்தது.

"மீன்ரை தண்ணியை ஊத்திவிடாதையுங்கோ தம்பி. அதிலைதான் வாசம் நிக்குது" என்றார் மகாதேவி.

"பூசணி சேர்த்தா நல்லதாம். வீமனுக்கும் போடுங்கோ. வேலியிலை கிடக்குது" என்றார் லயனல். ஏரம்பு போகும்போது மீன்பெட்டியில் இரண்டு பூசணிக்காய் போனது.

*

ரோசியின் சொந்த இரத்தம் திரும்பிவிட்டதென்று நிவேதனா சொன்ன நாளில் சீலா கண்ணை மூடி ஒரு சின்ன ஜெபம் செய்தார். லயனல் ஜெபம் செய்யவில்லை. அவர் ரோசியின் உதட்டை உயர்த்தி முரசைப் பார்த்துக்கொண்டே இருந்தார். நல்ல பவள நிறம். பெருவிரலால் அழுத்தினால் வெளுத்து, விட்டதும் சிவந்தது. திரும்பத் திரும்ப அழுத்திப் பார்த்தார். ரோசி பொறுமையிழந்து கையை விலக்கும்வரை.

வெங்காயம் நடுவதை அவர் நிறுத்தவில்லை. ஏன் நிறுத்தவேண்டும்? மனிதருக்கு அது இன்னமும் நல்லதுதான். ஆனால் இப்போது பிடி கட்டிக் கொடுக்கும்போது வாங்குகிறவர்களிடம் ஒரு கேள்வி கேட்கிறார்.

"வீட்டிலை நாய் நிக்குதோ?"

"ஓம் அண்ணை, ஏன்?"

"அதுக்கு உதிலை ஒரு பொட்டும் குடாதையுங்கோ. மிச்சக் கறியும் கொட்டாதையுங்கோ."

சிலர் சிரித்துக்கொண்டு போவார்கள். சிலர் வெங்காயப் பிடியைக் கீழே வைத்துவிட்டு, உண்மையாகவோ என்று நின்று கேட்பார்கள். நின்றவர்களுக்கு லயனல் ஆற அமரச் சொல்வார், ஒரு துளிக்குள் தான் கண்ட வானத்தைப் பற்றி.

ஒரு சனிக்கிழமை பின்னேரம் ரோசியைக் கூட்டிக்கொண்டு இருவரும் பொலிகண்டிக்குப் போனார்கள். வீமனுக்கு நன்றி சொல்லவேண்டுமென்பது சீலாவின் ஆசை. மகாதேவி வீட்டுக்குப் பின்னால் கடல். வீமன் வள்ளத்தின் நிழலில் படுத்திருந்தது.

"போடி, போய்ப் பார். அவன்தான் உன்னைக் காப்பாத்தினவன்" என்று லயனல் சங்கிலியைக் கழற்றிவிட்டார்.

ரோசி நேரே போய், வீமனின் முகத்துக்கு முன்னால் நின்று, மயிரைச் சிலிர்த்துக்கொண்டு குரைத்தது. யாருடைய இடம் இது என்பதுபோல. வீமன் ஒரு கண்ணைத் திறந்து பார்த்தது. எழும்பி உடம்பை உதறிவிட்டு, இந்தக் கரைச்சல் நமக்கேன் என்று நினைத்ததுபோல, அலையடிக்குப் போய்ப் படுத்தது. ரோசி வென்ற பெருமையோடு வள்ளத்து நிழலைப் பிடித்துக்கொண்டது.

மகாதேவி வாய்விட்டுச் சிரித்தார். சீலாவும் சிரித்தார். லயனலுக்குச் சிரிப்பு வரவில்லை. அவர் இரண்டு நாயையும் மாறிமாறிப் பார்த்துக்கொண்டு நின்றார். கொடுத்ததும் தெரியாமல், பெற்றதும் தெரியாமல், ஒன்று நிழலிலும் ஒன்று நீர்க்கரையிலுமாக அவை கண்மூடிக் கிடந்தன. கடல் வந்து வீமனின் காலை நனைத்துவிட்டுத் திரும்பிப் போனது.